பாஸ்தா பிரிட்ஜில் இருக்கு

சுகந்தி வேட்புமனு கொடுத்துவிட்டு வந்து ஒரு வாரம் ஆகிறது. தினகரன் அவளிடம் முகம் கொடுத்துப் பேசியும் ஒரு வாரம் ஆகிறது.

தேன்மட்டம் பேரூராட்சியில் அவர்கள் வார்டு இந்த முறை பெண்களுக்கு என்று ஆகிவிட்டது. இத்தனை வருஷம் கவுன்சிலராக இருந்த பரமசிவன், தினகரனின் அண்ணன், அதற்கெல்லாம் அசரவில்லை. மனைவி விஜயாவின் பேரில் மனு போட்டார். "நிக்கறது அவ, நடத்தறது நான்" என்று பஜாரில் எல்லோர் காதிலும் விழும்படி சொன்னார். பேருக்கு மனு போடும் ஒன்றிரண்டு பேரைத் தவிர எதிர்த்து நிற்க யாரும் வரமாட்டார்கள் என்பது அவர் கணக்கு. சொந்தத் தம்பி பெண்டாட்டியே வந்து நிற்பாள் என்று அவர் எதிர்பார்க்கவில்லை.

தினகரன்கூட எதிர்பார்க்கவில்லை. அதுதான் அவன் கோபம்.

சுகந்தி காலையில் குன்னூர் ரோட்டில் ஒரு ஹோம்ஸ்டேயில் சமையல் வேலை பார்க்கிறாள். மத்தியானம் திரும்பிவிடுவாள். ஓட்டுக் கேட்க அவளுக்கு வாய்ப்பது சாயங்காலம்தான். தேயிலை பறிக்கப் போன பெண்கள், வரிசையாகக் கட்டிய எஸ்டேட் லைன் வீடுகளுக்குத் திரும்புவதும் அந்த நேரம்தான். அதே நேரத்தில் தன் வீட்டு அடுப்பும் எரிய வேண்டும் என்று தினகரன் நினைத்தான்.

"ஓட்டுக் கேக்கப் போ, வேண்டாங்கல. ராத்திரிச் சாப்பாட்டுக்கு வழி சொல்லிட்டுப் போ." சனிக்கிழமை முழுக்க அவன் பேசியது இவ்வளவுதான்.

சுகந்தி வழி சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை செய்தே காட்டினாள்.

ஹோம்ஸ்டேயிலிருந்து வரும்போதே குழல் குழலாக இருக்கும் பென்னே பாஸ்தா பாக்கெட்டுகள், வெண்ணெய், சீஸ், மொட்டுக் காளான், தோட்டத்து மண் உதிராத கேரட் என்று இரண்டு பை நிறைய வாங்கி வந்தாள். பிளஸ் ஒன் படிக்கும் மகள் ரித்திகா பைகளைக் கிளறிப் பார்த்துவிட்டு நம்பாமல் கேட்டாள்.

"பாஸ்தாவா? நம்மூட்டுலயா?"

"பெங்களூர்ல இருந்து வர்றவங்களுக்கெல்லாம் செஞ்சு போடறேன். என்ற புள்ளைக்குச் செய்யக் கூடாதா? வா, கேரட்டைச் சீவு."

பெரிய பாத்திரத்தில் உப்புப் போட்டுக் கொதித்த தண்ணீரில் பாஸ்தா புரண்டது. சுகந்தி ஒன்றை எடுத்துக் கடித்துப் பார்த்து உடனே அடுப்பை அணைத்தாள்.

"இன்னும் வேகவே இல்லம்மா" என்றாள் ரித்திகா.

"நடுவுல கொஞ்சம் கடி இருக்கோணும். மிச்சத்தைச் சூடு பண்ணும்போது அதுவா வெந்துக்கும். இப்பவே குழைய விட்டா, புதன்கிழமை கஞ்சியாத்தான் குடிக்கோணும்."

வடித்து எண்ணெய் புரட்டி வைத்தாள். அகன்ற வாணலியில் வெண்ணெய் உருகியது. பூண்டு போட்டாள், மைதாவைத் தூவினாள். சிவந்துவிடாமல், பச்சை வாசனை மட்டும் போகும்வரை கிளறினாள். பிறகு பாலைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றிக் கட்டி தட்டாமல் கலக்கினாள். கலக்கக் கலக்க அது வழவழவென்று சுண்டக் காய்ச்சிய பாலைப் போல ஆனது. மிளகு, உப்பு, துருவிய சீஸ். தனியே வதக்கிய காளானும் கேரட்டும் பாஸ்தாவோடு சேர்ந்து அதற்குள் இறங்கின.

தினகரன் சமையலறை வாசலில் வந்து நின்றான். மகளைப் பார்த்துத்தான் கேட்டான்.

"இதென்ன, தண்ணியா இருக்குது?"

பதில் சுகந்தியிடமிருந்து வந்தது. "பிரிட்ஜ்ல இருந்தா இறுகிக்குமுங்க. அதுக்குத்தான் இளக்கமா விட்டிருக்கறேன். எடுத்துச் சூடு பண்றப்ப ஒரு கரண்டி பால் ஊத்தினா இதே மாதிரி ஆயிரும்."

"ஆக, வாரம் பூரா பழசைத் திங்கோணும்."

"பழசு இல்லீங்க. முன்னாடியே செஞ்சது."

அவன் கூடத்துக்குத் திரும்பிப் போனான். ஆறியதும் மூடி போட்ட பெரிய டப்பாக்களில் நிரப்பிப் பிரிட்ஜில் அடுக்கினாள். கதவைச் சாத்தும்போது அவளுக்குச் சிரிப்பு வந்தது. ஒரு வாரத்துச் சாயங்காலங்கள் மொத்தமும் அந்தக் கதவுக்குப் பின்னால் இருந்தன. இனி அவை அவளுடையவை.

*

திங்கட்கிழமை மத்தியானம் அவள் வேலையிலிருந்து வந்து செருப்பைக் கழற்றும்போதே வாசலில் ஜீப் வந்து நின்றது. பரமசிவன் இறங்கினார். உள்ளே வரவில்லை. கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றே பேசினார்.

"சுகந்தி, காரமடைல இருந்து எங்க மகாலட்சுமி அத்தையும் சொந்தத்துப் பெரியவங்க ரெண்டு பேரும் வர்றாங்க. ராத்திரி சாப்பாடு உன்ற ஊட்டுலதான். ஆறு மணிக்கெல்லாம் வந்துருவோம்."

"எதுக்குங்க மாமா திடீர்னு?"

"பேசத்தான். நாளைக்கு மூணு மணியோட மனுவை வாபஸ் வாங்கற டைம் முடியுது. பெரியவங்க சொல்றதைக் கேட்டுக்கிட்டு, காத்தால என்ற ஜீப்புலயே வந்து ஒரு கையெழுத்தைப் போட்டுரு. கௌரவமா முடிஞ்சுரும்."

"யாரோட கௌரவமுங்க மாமா?"

பரமசிவன் சிரித்தார். அவர் குரல் ஏறவே இல்லை.

"நல்லாச் சமைச்சு வை அம்மிணி. அத்தைக்கு வடைன்னா உசுரு." ஜீப்பில் ஏறி உட்கார்ந்தவர், ஏதோ ஞாபகம் வந்தவர் போல வீட்டை ஒருமுறை மேலும் கீழும் பார்த்தார். "இந்த ஊடு யார் பேர்ல இருக்குதுன்னு தினகரனுக்குத் தெரியும். நீயும் தெரிஞ்சுக்கறது நல்லது."

ஜீப் போன பிறகும் சுகந்தி கேட்டருகிலேயே நின்றாள்.  உள்ளே எழுந்தது பயமா, ஆத்திரமா என்று அவளுக்கே பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

உள்ளே வந்தாள். பழக்கத்தில் கை உளுந்து டப்பாவைத் தேடிப் போயிற்று. இப்போது ஊற வைத்தால் வடைக்குச் சரியாக இருக்கும். குழம்பு, ரெண்டு பொரியல், பாயசம், அப்பளம். ஆறு மணிக்கு முடித்துவிடலாம். முடித்துவிட்டுப் பரிமாறலாம். பரிமாறிக்கொண்டே அவர்கள் சொல்வதைக் கேட்கலாம். எச்சில் இலையை எடுக்கும்போது சரிங்க என்று சொல்லலாம்.

அதைத்தான் அவர் கேட்டுவிட்டுப் போயிருக்கிறார்.

சுகந்தி உளுந்து டப்பாவை மூடினாள். பிரிட்ஜைத் திறந்து, வாரம் முழுவதற்கும் வைத்திருந்த டப்பாக்களைப் பார்த்தாள். வருகிறவர்களுக்குத் தாராளமாகப் போதும். செவ்வாய்க்கிழமைப் பாட்டைச் செவ்வாய்க்கிழமை பார்த்துக்கொள்ளலாம்.

ஐந்து மணிக்குத் தினகரன் ஃபேக்டரியிலிருந்து வந்தான். அங்கே தேயிலையின் பதம் பார்க்கும் டீ மேக்கர் வேலை. சட்டையெல்லாம் தேயிலை வாசம். அண்ணன் அவனுக்கும் போன் செய்திருந்தார் போல. வந்ததும் சமையலறையைத்தான் எட்டிப் பார்த்தான். அடுப்பு துடைத்து வைத்தபடி இருந்தது. சுகந்தி ஸ்வெட்டருக்குப் பொத்தான் போட்டுக்கொண்டிருந்தாள்.

"எங்க கிளம்பிட்டே? அத்தையெல்லாம் வர்றாங்கல்ல?"

"லைனுக்குப் போறனுங்க. பேச்சி ஊட்டுப் பக்கம் இன்னிக்கு வர்றதாச் சொல்லியிருக்கறேன்."

"விளையாடறயா? வந்தவங்க முன்னாடி நான் என்னன்னு சொல்றது?"

"உள்ளதைச் சொல்லுங்க. பொண்டாட்டி ஓட்டுக் கேக்கப் போயிருக்கறான்னு."

"சாப்பாடு?"

"வாணலியில போட்டு, சின்னத் தீயில வெச்சு, ஒரு கரண்டி பால் ஊத்திக் கிளறுங்க. அடி பிடிக்காமப் பாத்துக்கங்க. ஃபேக்டரியில இலை எப்பப் பதமாச்சுன்னு மூக்காலயே சொல்றவரு நீங்க. ஒரு வாணலி என்ன பண்ணிப் போடும்?"

"சுகந்தி, நீ செய்யறது சரியில்ல."

அவள் டார்ச்சை எடுத்துக்கொண்டு வாசலில் திரும்பி நின்றாள்.

"அவங்க என்னை உக்கார வெச்சுப் பேசோணும்னு வர்றாங்க. நான் உக்காரப் போறதில்லீங்க. பாஸ்தா பிரிட்ஜில இருக்கு."

*

ஆறு மணிக்குச் சொன்னபடி வந்தார்கள். மகாலட்சுமி அத்தை, காரமடைப் பெரியவர்கள் இருவர், பரமசிவன், விஜயா.

"மருமக எங்கடா?" என்றாள் அத்தை, குளிருக்கு முந்தானையைப் போர்த்திக்கொண்டே.

தினகரன் தொண்டையைச் செருமினான். "வெளிய போயிருக்கறா. வந்துருவா."

"எங்க?"

"ஓட்டுக் கேக்க."

 பரமசிவனின் முகத்தில் ரத்தம் ஏறியதை எல்லோரும் பார்த்தார்கள். பெரியவர்களில் ஒருவர் கடிகாரத்தைப் பார்த்தார். இன்னொருவர், "அப்ப நாங்க யார்கிட்டப் பேசறது?" என்று கேட்டார். 

மலை ஏறி வந்தவர்களுக்குப் பசி. தினகரன் உள்ளே போனான். டப்பாவைத் திறந்தால் பாஸ்தா கல்லைப் போல இறுகிக் கிடந்தது.  ரித்திகா பால் பாத்திரத்தை நீட்டினாள். ஊற்றினான். தீயைக் குறைத்தான். கரண்டியைப் போட்டுக் கிளறக் கிளற, இறுகியது மெல்ல விட்டுக் கொடுத்தது. ஓரங்களில் குமிழி வந்தது. பூண்டும் மிளகும் வெண்ணெயும் சேர்ந்து வாசனை எழுந்தது. அடி பிடிக்கப் போகும் நேரம் அவன் மூக்குக்கு முதலில் தெரிந்தது. சட்டென்று இறக்கினான்.

"பரவால்லப்பா" என்றாள் ரித்திகா.

தட்டில் வைத்ததைப் பரமசிவன் தொடவில்லை. "நாலு பெரிய மனுசங்க வந்த ஊட்டுல, நேத்து ஆக்கினதைச் சுட வெச்சுப் போடறாங்க. பாத்தீங்களா அத்தை?"

அத்தை ஒரு வாய் எடுத்திருந்தாள். மென்றுகொண்டே யோசித்தாள். இன்னொரு வாய் எடுத்தாள்.

"காரம் பத்தலை" என்றாள். "ஆனா நல்லாத்தான்டா இருக்குது. இந்தக் குளிருக்குச் சூடா எறங்குது. இன்னுங் கொஞ்சம் போடு கண்ணு."

ரித்திகா சிரிப்பை அடக்க வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே ஓடினாள். பெரியவர்கள் இருவரும் பேச வந்ததைத் தள்ளி வைத்துவிட்டுச் சாப்பிட ஆரம்பித்தார்கள்.

"போன் போட்டு வரச் சொல்லு அவளை" என்றார் பரமசிவன்.

தினகரன் கையில் கரண்டி இருந்தது. வாழ்நாளில் அண்ணன் சொன்ன எதையும் அவன் இரண்டாம் முறை சொல்ல வைத்ததில்லை.

"வேலையாப் போனவளை நடுவுல கூப்பிட முடியாதுங்கண்ணா."

"என்னடா சொன்னே?"

"சாப்பிடுங்க. ஆறிரும்."

"இந்த ஊடு என்ற பேர்ல இருக்குதுடா."

"தெரியுமுங்க. கட்டறப்ப அஸ்திவாரத்துக்குப் பள்ளத்துல இருந்து கல்லுச் சுமந்தது யாருன்னும் தெரியும்." சொல்லிவிட்டுத் தினகரன் அத்தையின் தட்டில் இன்னொரு கரண்டி வைத்தான்.  

 விஜயா சாப்பிட்டு முடித்தாள். தட்டைத் தானே கழுவி வைத்தாள். வாசலில் கழற்றிப் போட்டிருந்த செருப்பை மாட்டினாள்.

"எங்க போறே?" என்றார் பரமசிவன்.

"லைனுக்கு. ஓட்டுக் கேக்க. என்ற பேர்லதானே மனுப் போட்டிருக்கறீங்க?"

பரமசிவனின் முகம் அன்று முதல் முறையாக மலர்ந்தது. "பாத்துக்கங்க அத்தை! இதுதான் பொம்பள. டார்ச்சை எடுத்துக்கிட்டுப் போ விஜயா. படி வழுக்கும்."

*

லைன் வீடுகளுக்கு ரோட்டிலிருந்து படியிறங்கிப் போக வேண்டும். மழை விட்டிருந்தது. பனி தேயிலைக்கு மேல் அங்கங்கே தொங்கியது. கடைசி வரிசையில் பேச்சியின் வீட்டுக்குப் பின்னால் மண்திட்டு செங்குத்தாக நின்றது. போன மழையில் அதில் ஒரு பகுதி சரிந்து அவள் வீட்டுப் பின்சுவர் விழுந்திருந்தது. இப்போது அந்த இடத்தில் நீலத் தார்ப்பாய் கட்டியிருந்தார்கள். காற்றுக்கு அது படபடவென்று அடித்துக்கொண்டது.

பேச்சி பறிப்புக்குப் போய் வந்த அலுப்போடு வாசல்படியில் உட்கார்ந்திருந்தாள். பக்கத்து வீட்டுப் பெண்களும் கூடியிருந்தார்கள்.

"சின்னமே இன்னும் குடுக்கலையாமே. எதைக் காட்டி ஓட்டுக் கேக்கறீங்க?" என்றாள் பேச்சி.

"இன்னிக்கு என்ற பேரைச் சொல்லித்தான் கேக்க வந்திருக்கறேன். சுகந்தி."

"ஜெயிச்சா இந்தத் திட்டுக்குத் தடுப்புச் சுவர் கட்டித் தருவீங்களா?"

"கட்டித் தர்றேன்னு வாயில சொல்ல மாட்டேன் பேச்சி. ஒவ்வொரு கூட்டத்துலயும் எந்திரிச்சு நின்னு கேப்பேன். என்ன பதில் சொன்னாங்கன்னு இதே வாசல்ல வந்து சொல்லுவேன். பதில் சொல்லலைன்னா உங்களையெல்லாம் கூட்டிக்கிட்டுப் போய்க் கேப்பேன்."

 பேச்சி வாயெடுப்பதற்குள் படியில் டார்ச் வெளிச்சம் இறங்கி வந்தது. வெளிச்சத்துக்குப் பின்னால் விஜயா.

பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.  சுகந்திக்கு அவள் ஓரகத்தி; இத்தனை வருஷம் பழகியவள்தான். சுகந்தி அவளை 'அக்கா' என்றுதான் கூப்பிடுவாள். ஆனால் மனுக் கொடுத்த நாளிலிருந்து இருவரும் நேருக்கு நேர் நின்றதில்லை.

"வாங்கம்மா" என்றாள் பேச்சி, எழுந்திருக்காமலே. "போன எலெக்‌ஷனுக்கும் இதே வாசல்லதான் நின்னீங்க. தடுப்புச் சுவரு கட்டித் தருவாருன்னு சொன்னீங்க. நீங்க சொன்னீங்கன்னுதான் ஓட்டுப் போட்டோம்."

"ஆமா பேச்சி. நான்தான் சொன்னேன்." விஜயா டார்ச்சை அணைத்தாள். மூச்சு வாங்கியது. "அவரு சொல்லச் சொன்னதை அப்பிடியே சொன்னேன். உன்ற ஊட்டுச் சுவர் விழுந்த அன்னிக்கு அவருகிட்டப் போய்க் கேட்டேன். உனக்கெதுக்கு அந்தப் பேச்சுன்னு சொல்லிப் போட்டாரு. அதுக்கப்புறம் பஜார்ல உன்னைப் பாத்தா வேற பக்கம் திரும்பிக்குவேன்."

 பின்னால் தார்ப்பாய் காற்றில் அடித்துக்கொண்டது.

"இப்ப என்ற பேரைப் போட்டு, மறுபடியும் அதே வாசலுக்கு அனுப்பறாரு. இந்த வாட்டி நான் எனக்குக் கேக்க வரல பேச்சி. சுகந்திக்குப் போடுங்க."

"அக்கா!" சுகந்தி அவள் கையைப் பிடித்தாள். "என்ன பேசறீங்க? மாமாவுக்குத் தெரிஞ்சா..."

"தெரியட்டும். நான் எத்தனை நாளைக்கு..." விஜயா முடிக்கவில்லை.

செய்தி எப்படி அவ்வளவு வேகமாக மேலே போயிற்றோ தெரியவில்லை. பக்கத்து வரிசையில் நின்ற யாரோ போன் செய்திருக்க வேண்டும். அடுத்த வீட்டுக்கு அவர்கள் நகர்வதற்குள் ரோட்டில் ஜீப் வந்து நின்றது. ஹாரன் விடாமல் அடித்தது. மேல் வரிசைகளில் கதவுகள் ஒவ்வொன்றாகத் திறந்தன.

"விஜயா!" பரமசிவனின் குரல் பனிக்குள்ளிருந்து வந்தது. "ஏறி வா. ஊட்டுக்குப் போலாம்."

 விஜயா அண்ணாந்து, எல்லா வாசலுக்கும் கேட்கும்படி சொன்னாள்.

"நீங்க போங்க. நாளைக்கு மூணு மணிக்குள்ள நானே ஆபீசுக்கு வந்துர்றேன்."

"எதுக்குடி?"

"வாபஸ்ல கையெழுத்துப் போட ஒருத்தியத் தேடறீங்கல்ல? நான் போடறேன்."

மேலே ஹாரன் நின்றது. ஜீப்பின் கதவு அறைந்து சாத்தும் சத்தம் கேட்டது. பிறகு ஈரப் படிகளில் பரமசிவனின் செருப்புச் சத்தம், ஒவ்வொரு படியாக இறங்கி வந்தது.

விஜயா திரும்பிப் பார்க்கவில்லை. அடுத்த வீட்டுக் கதவைத் தட்டினாள்.